ஏழு ரத்தக்கட்டு

உக்காருங்கம்மா, உக்காருங்க. ஜன்னல் பக்கம் நீங்க போயிருங்க, எனக்கு இந்தப் பக்கம் இருந்தாத்தான் தோது. முன் சீட்டுல நீலக்கட்டம் போட்ட சட்டை தெரியுதா? அவருதான் என் வீட்டுக்காரரு. ஏன் பக்கத்துல உக்காரலன்னு கேக்குறீங்களா? பக்கத்துல உக்காந்தா அவரு எங்க பாக்குறாருன்னு எனக்குத் தெரியாதும்மா. பின்னால இருந்தா தலை திரும்புறது தெரியும். அவரு பக்கத்துல அந்தப் பெரியவரக் கூப்பிட்டு உக்கார வெச்சதும் நான்தான். எடம் காலியாக் கெடந்தா யாராச்சும் வந்து உக்காந்துருவாங்க. யாராச்சும்னா யாருன்னு உங்களுக்கே புரியும்.

சிரிக்காதீங்க. என் பேரு தெய்வானை. பழனியில பொறந்து தெய்வானைன்னு பேரும் வெச்சுட்டாங்க, அப்புறம் வள்ளி எங்கே எங்கேன்னு தேடாம எப்படி இருக்கிறது? எங்கம்மாவத்தான் கேக்கணும்.

மதுரைக்குத்தான் போறோம். ரத்தப் பரிசோதனைக்கு. பழனியில லேப்பே இல்லையான்னு கேப்பீங்க. இருக்கு. எங்க வீட்டுல இருந்து நடந்தா ஆறு நிமிஷம். ஆனா நாங்க மதுரைக்குத்தான் போவோம். மாசாமாசம் மூணு மணி நேரம் போக, மூணு மணி நேரம் வர. அவரு ஒரு வார்த்தை கேக்க மாட்டாரு. எந்திரின்னா எந்திரிப்பாரு, ஏறுன்னா ஏறுவாரு. அதுவே எனக்கு ஆத்திரமா இருக்கும். ஏன்டி இப்படி இழுத்தடிக்கிறேன்னு ஒரு தடவ கேட்டா என்ன?

அவருக்கு நெஞ்சுல இரும்பு வால்வு இருக்கும்மா. சின்ன வயசுல காய்ச்சல் வந்து உள்ள இருந்த வால்வு கெட்டுப் போச்சு, யாருக்கும் தெரியல. ஆறு வருஷத்துக்கு முன்னால மூச்சு வாங்கி விழுந்தப்பதான் தெரிஞ்சுது. நெஞ்சப் பொளந்து புதுசு வெச்சாங்க. அந்த வால்வுல ரத்தம் ஒட்டிக் கட்டிக்கக் கூடாதுன்னு தெனமும் சாயங்காலம் ஒரு மாத்திரை, ஆயுசுக்கும். ரத்தம் சட்டுனு உறையாம இருக்கிற மாத்திரை. ஆனா ரொம்பவும் உறையாமப் போயிட்டா அதுவும் ஆபத்து. அதுக்குத்தான் மாசம் ஒரு தடவ ரத்தம் எடுத்து ஒரு நம்பர் பாப்பாங்க. ஐ.என்.ஆர்.னு சொல்லுவாங்க. அவருக்கு அது ரெண்டரைக்கும் மூணரைக்கும் நடுவுல நிக்கணும். கொறஞ்சா வால்வு அடைச்சுக்கும், ஏறுனா ரத்தம் கசியும். அவ்வளவுதான் விஷயம், எனக்கு மனப்பாடம்.

அந்த வால்வுக்கு ஒரு சத்தம் இருக்கு. டிக், டிக்னு. கைக்கடிகாரம் மாதிரி. பகல்ல, சந்தடியில கேக்காது. பக்கத்துல போகணும், சுத்திலும் அமைதியா இருக்கணும். தூங்கும்போது நிதானமா அடிக்கும். முழிச்சிருந்தா வேகம். கோவம் வந்தா, இல்ல சிரிப்ப அடக்கிக்கிட்டு இருந்தா இன்னும் வேகம். நான் ஏதாச்சும் திட்ட ஆரம்பிச்சா போதும், கட்டில்ல சாஞ்சு கண்ண மூடிக்குவாரு. தூங்குறாராம்! நான் குனிஞ்சு நெஞ்சுல காத வெப்பேன். தடதடன்னு அடிக்கும். ‘நடிக்காதீங்க’ம்பேன். கண்ணத் தொறக்காமச் சிரிப்பாரு. ஊருல யாருக்கும் தெரியாத ஒரு சங்கதி எனக்கு மட்டும் தெரியுதேன்னு அம்புட்டு சந்தோஷம் எனக்கு.

அந்த சந்தோஷத்துலதான் அவ கை வெச்சா.

யாருன்னா, அந்த ஆறு நிமிஷத்து லேப்காரி. சகாயராணி. ராணி ராணின்னு ஊரே கூப்பிடும். முப்பத்தஞ்சு வயசு இருக்கும். வெள்ளைக் கோட்டு, கையில ரப்பர் உறை. ரெண்டு புள்ளைங்க, புருஷன் திருப்பூர்ல. புருஷன் ஊருல இல்லாதவ, அத மனசுல வெச்சுக்கங்க. எங்க வீட்டுக்காரரு பஸ் ஸ்டாண்டுல டைம் கீப்பரு. பிரைவேட் பஸ்ஸு எது எத்தனை மணிக்குக் கெளம்பணும்னு நோட்டுல எழுதி விசில் ஊதுறவரு. மயிலண்ணன்னு கேட்டா யாரும் காட்டுவாங்க, முழுப்பேர நான் சொல்ல மாட்டேன். மாசம் ஒரு நாள் லேப்புக்குப் போவாரு. அன்னைக்கு மட்டும் இஸ்திரி போட்ட சட்டை. கேட்டா, ‘ஆஸ்பத்திரி சம்பந்தப்பட்ட எடம் தெய்வு, அழுக்குச் சட்டையோட போகலாமா?’ம்பாரு. வந்து, ‘ராணி குத்துனா எறும்பு கடிச்ச மாதிரிகூட இல்ல’ம்பாரு. நான் ஒரு தடவ அவருக்கு முள்ளு எடுத்தேன், அய்யோ அம்மான்னு ஊரக் கூட்டுனாரு. அது வலிக்குதாம், இது வலிக்கலையாம்.

போன வருஷம் கார்த்திகையில ஒரு நாள் லேப்புல இருந்து வந்து டீயக் குடிச்சுக்கிட்டே சொல்றாரு, சிரிச்சுக்கிட்டே சொல்றாரு: ‘இன்னைக்குக் கூட்டமே இல்ல தெய்வு. ராணி ஊசி போட்டுக்கிட்டு இருக்கும்போது, உங்க வால்வு சத்தம் நல்லாக் கேக்குது அண்ணேன்னு சொல்லுச்சு.’

எனக்கு உச்சந்தலையில இருந்து உள்ளங்கால் வரைக்கும் எரிஞ்சுதும்மா. கேக்குதாமா? அவளுக்குமா? எவ்வளவு பக்கத்துல நின்னா கேக்கும்னு எனக்குத் தெரியாதா? பக்கத்து வீட்டு மரகதக்காகிட்ட சொன்னேன். ‘அந்தப் பொண்ணு உறை போட்டுத்தான்டி தொடுது’ங்குறா. உறைக்குள்ள கைதானே இருக்கு? நீங்களே சொல்லுங்க.

ஒட்டன்சத்திரம் வந்துருச்சு. தள்ளி உக்காருங்க, கூடை வெச்சிருக்கிறவங்க ஏறுறாங்க. ம், அவரு தலை ஆடுது பாருங்க. தூங்கிட்டாரு. பஸ்ஸுல ஏறுனா பத்து நிமிஷத்துல தூங்கிருவாரு, அதனாலதான் நான் இவ்வளவும் பேசுறேன். இந்த எஞ்சின் சத்தத்துல எதுவும் கேக்காது.

தை மாசம். தைப்பூசம். பழனி பஸ் ஸ்டாண்டு அப்போ எப்படி இருக்கும்னு பாத்திருக்கீங்களா? காலு வெக்க எடம் இருக்காது. நடந்து வந்தவங்க எல்லாரும் திரும்பிப் போறப்ப பஸ்ஸுலதானே போகணும். இவருக்கு மூச்சு விட நேரமில்ல. அந்த நேரம் பாத்து கடவாப்பல்லு வீங்கிருச்சு. கன்னம் இந்தா இப்படி. ‘பல்லு டாக்டரப் பாக்கணும். அதுக்கு முன்னால ராணிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடுறேன்’ங்குறாரு.

பல்லு வலிக்கு ராணி எதுக்கு? கேட்டேன். ‘புது மாத்திரை எது சாப்புட்டாலும் நம்பர் மாறும், சொல்லிட்டுச் சாப்பிடுங்கன்னு ராணி சொல்லியிருக்கு’ங்குறாரு. ராணி சொல்லியிருக்கு, ராணி சொல்லியிருக்கு. இந்த வீட்டுல ஒருத்தி சோறு பொங்கிப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்காளே, அவ சொன்னது ஏதாச்சும் ஞாபகம் இருக்கா?

எனக்கு ஐப்பசியில பல்லு புடுங்குனாங்க. அப்போ குடுத்த ஆன்டிபயாட்டிக் ரெண்டு வகையும் மிச்சம் இருந்துச்சு. மூணு நாள்ல எனக்குச் சரியாப் போச்சு, நிறுத்திட்டேன், பத்திரமா டப்பாவுல வெச்சிருந்தேன். அத எடுத்துக் குடுத்தேன். நல்ல மாத்திரைம்மா, காலாவதி ஆகல, தேதி பாத்துத்தான் குடுத்தேன். வேளாவேளைக்கு நானே கையில தண்ணியோட நின்னு குடுத்தேன். ரெண்டே நாள்ல வீக்கம் வடிஞ்சுது. ‘பாத்தீங்களா, எங் கை பட்டுச் சரியாச்சு’ன்னேன். ‘உன் கை ராசியான கைதான்’னு சொன்னாரு. எனக்கு வயிறு குளுந்து போச்சு. சரியாச்சேன்னு நிறுத்தாம, மாத்திரை தீர்ற வரைக்கும் குடுத்தேன். அதுதானே மொற?

அந்த வெள்ளிக்கிழமை அவருக்கு ரத்தம் எடுக்கிற நாளு. ‘லேப் பூட்டிக் கெடக்கு, தைப்பூசத்துக்கு ஊருக்குப் போயிட்டாளாம்’னு சொன்னேன். பொய்தான். ஒரு மாசம் தள்ளிப் போனா என்ன குடியா முழுகிரும்னு நெனச்சேன். ஒரே ஒரு மாசம் அவ மூஞ்சியப் பாக்காம இருக்கட்டுமேன்னு நெனச்சேன். அவரு நம்பிட்டாரு. அவரு எதையும் நம்புவாரு.

ஞாயித்துக்கிழமை மத்தியானம் சாப்புட்டுப் படுத்திருக்காரு. பனியன் போட்டிருந்தாரு. கை இப்படி மேல கெடக்கு. மேல்கை உள்பக்கம், அக்குளுக்குக் கிட்ட, ஊதாக் கலர்ல ஒரு தடம். பத்து ரூவாக் காசு அளவு. கன்னிப் போயிருக்கு. வெளிப்பக்கம் இருந்தா பஸ்ஸுக் கதவுல இடிச்சாருன்னு சொல்லலாம். உள்பக்கம் எப்படிம்மா இடிக்கும்?

எழுந்ததும் சாதாரணமாக் கேட்டேன். ‘இது என்ன?’ அவரும் பாத்தாரு. ‘தெரியலையே, கூட்டத்துல எவனாச்சும் இடிச்சிருப்பான்’னாரு. தெரியலையாம்.

மறுநாள் தோள்ல ஒண்ணு. அதுக்கு மறுநாள் முட்டிக்கு மேல ரெண்டு, இடுப்புல ரெண்டு. புதன்கிழமை பாக்குறேன், கழுத்துக்குக் கீழ, காறையெலும்பு மேல, நல்லாச் செவந்து, நடுவுல கருத்து… நான் கல்யாணம் ஆனவ, நீங்களும் கல்யாணம் ஆனவங்க. அந்த எடத்துல தடம்னா அது என்ன தடம்?

நான் திட்டல, அழுகல. திட்டுனா ஒளிச்சு வெச்சுக்குவாரு. கையும் களவுமாப் புடிக்கணும்னு முடிவு பண்ணுனேன். அவரு மத்தியானம் கண் அசர்ற நேரம் பாத்து போனுல ஒவ்வொண்ணா போட்டோ புடிச்சேன். ஏழு தடம். ஏழையும் புடிச்சேன். சோத்த வெப்பேன், நங்குனு வெப்பேன், போயிருவேன். மூணு நாளு வீட்டுக்குள்ள ஒரு வார்த்தை கெடையாது. ‘தெய்வு, என்னம்மா கோவம்?’னு பின்னாலயே வருவாரு. நான் திரும்பிக்கூடப் பாக்கல. ஒரு தடவ வாசல்ல நின்னு, ‘தெய்வு, ஒரு விஷயம் சொல்லணும்’னாரு. ஒத்துக்கப் போறாருன்னு நெனச்சேன். அதக் கேக்குற தெம்பு எனக்கு இல்ல. கதவச் சாத்திக்கிட்டேன்.

என்ன சொல்ல வந்தாருன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. இருங்க, வர்றேன்.

சனிக்கிழமை காலையில லேப்புக்குப் போனேன். ஒரு முடிவோடதான் போனேன். தலைய அள்ளி முடிஞ்சுக்கிட்டு, நல்ல சேலை கட்டிக்கிட்டு. சண்டைக்குப் போனாலும் அவளுக்குக் கொறச்சலாத் தெரியக் கூடாதில்ல? அங்க நாலு பேரு பெஞ்சுல உக்காந்திருக்காங்க. அவ ஒரு கெழவருக்கு ரத்தம் எடுத்துக்கிட்டு இருக்கா. ‘வாங்கக்கா’ங்குறா. அக்காவாம்! போன எடுத்து அவ மூஞ்சிக்கு நேரா நீட்டுனேன். நாலு பேருக்கும் கேக்குற மாதிரிக் கேட்டேன்: ‘இது யார் பண்ணுன வேலை? சொல்லுடி.’

அவ மூஞ்சிய நான் உத்துப் பாத்துக்கிட்டே இருந்தேன். வெளிறிப் போச்சு. ஆகா, மாட்டிக்கிட்டான்னு நெனச்சேன். அவ பஞ்ச கெழவரு கையில வெச்சு அமுக்கிட்டு, உறையக் கழட்டிட்டு, போன வாங்கி ரெண்டு வெரலால போட்டோவப் பெருசு பண்ணிப் பாக்குறா. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு தள்ளித் தள்ளி ஏழையும் பாத்தா. அப்புறம் கேக்குறா: ‘அக்கா, அண்ணே புதுசா என்ன மாத்திரை சாப்புட்டாரு?’

நான் ஒண்ணு கேட்டா அவ ஒண்ணு கேக்குறா! ‘பேச்ச மாத்தாத’ன்னேன். அவ என் தோளப் புடிச்சா. ‘அக்கா, பல்லு தேய்க்கும்போது ரத்தம் வருதா? வெளிக்குக் கருப்பாப் போகுதா? சொல்லுங்கக்கா.’

எனக்குத் தெரியலம்மா. பொண்டாட்டி நானு, எனக்குத் தெரியல. மூணு நாளா நான்தான் பேசலையே. ஒரு புருஷன் வெளிக்குப் போறது என்ன கலருன்னு பொண்டாட்டியக் கேக்குறா இன்னொருத்தி, பொண்டாட்டி தெரு நாய் மாதிரி முழிச்சுக்கிட்டு நிக்கிறேன். அந்த நிமிஷம் எனக்கு வந்தது பயமில்ல, சத்தியமாச் சொல்றேன், வயித்தெரிச்சல்தான். இதெல்லாம் கேக்க இவளுக்குத் தெரிஞ்சிருக்கே, எனக்குத் தெரியலையேன்னு.

பல்லு மாத்திரைன்னு சொன்னேன். பேரும் சொன்னேன், டப்பாவுல பாத்துப் பாத்து மனப்பாடம். ‘போன வாரம் ஏன்க்கா ரத்தம் எடுக்க வரல? வெள்ளிக்கெழம அண்ணே வருவாருன்னு நான் பாத்துக்கிட்டு இருந்தேன்’னா. அவ பெஞ்சுல இருந்தவங்களப் பாத்து, ‘மன்னிச்சுக்கங்க, ஒரு உசுரு’ன்னு சொல்லிட்டு ஷட்டர இழுத்து விட்டா. ஸ்கூட்டியில ஏறுனா. ‘ஏறுங்கக்கா’ன்னா. ஏறுனேன். அவ இடுப்பப் புடிச்சுக்கிட்டு நான் போறேன், நெனச்சுப் பாருங்க.

டைம் ஆபீசுல ஸ்டூலு போட்டு உக்காந்திருக்காரு. துண்டால மூக்கப் பொத்திக்கிட்டு. வெள்ளத் துண்டு பாதி செவப்பு. ஒரு மணி நேரமா மூக்குல ரத்தம் நிக்கலையாம், இடது கையால துண்ட அமுக்கிக்கிட்டு வலது கையால நோட்டுல எழுதிக்கிட்டு இருக்காரு. கூட்டம் அப்படி. விசில் ஊத முடியலன்னு கண்டக்டர ஊதச் சொல்லியிருக்காரு. என்னப் பாத்ததும், ‘வந்துட்டியா தெய்வு?’ன்னாரு. மூஞ்சி சுண்ணாம்பு மாதிரி இருந்துச்சு. மூணு நாளுக்கப்புறம் பொண்டாட்டி முன்னால வந்து நிக்கிறா, அவருக்கு அதுதான் பெருசு. கூட வந்தவள அவரு பாக்கவே இல்ல. நான் கவனிச்சேன். அத அப்பவும் கவனிச்சேன்.

பழனியில பாத்துட்டு உடனே மதுரைக்கு அனுப்பிட்டாங்க. ரெண்டரைக்கும் மூணரைக்கும் நடுவுல நிக்க வேண்டிய நம்பரு ஒன்பதத் தாண்டிப் போச்சு. வயித்துக்குள்ளயும் கசிஞ்சிருக்கு. அங்க டாக்டரு என்ன உக்கார வெச்சு சொன்னாரு. வயித்துல நல்ல கிருமியும் இருக்காம்மா. ரத்தம் உறையுறதுக்கு ஒரு சத்து வேணுமாம், வைட்டமின் கே, அதுல கொஞ்சத்த அந்தக் கிருமிதான் செஞ்சு குடுக்குதாம். ஆன்டிபயாட்டிக் போட்டா கெட்டதோட சேந்து அதுவும் செத்துப் போகுது. அதவிட முக்கியமா, இவரு தெனம் சாப்புடுற மாத்திரைய ஈரலு அன்னன்னைக்குக் கழிச்சு வெளிய தள்ளணும். நான் குடுத்த மாத்திரையில ஒண்ணு அதத் தள்ள விடாமத் தடுத்துருச்சாம். ஒரு மாத்திரை சாப்புட்டா ரெண்டு மூணு மாத்திரை சாப்புட்ட கணக்கு. தோலுக்கு அடியில பொடி நரம்புல சின்னதாக் கசிஞ்சாக்கூட நிக்காது. அதுதான் அந்தத் தடம். யாரும் தொடவும் வேணாம், இடிக்கவும் வேணாம்.

ரத்தத்துல தட்டணுன்னு ஒண்ணு ஒட்டிக்கிட்டு கசிவ அடைக்குமாம், அதோட எண்ணிக்கை சரியாத்தான் இருக்குன்னாரு. சில ஆன்டிபயாட்டிக் அந்தத் தட்டணுவையே ஒண்ணோட ஒண்ணு ஒட்ட விடாதாம், நல்லவேளை இவருக்கு அது இல்லன்னாரு. அப்புறம் கேட்டாரு, ‘உங்களுக்குக் குடுத்த மாத்திரைய அடுத்தவங்களுக்கு ஏம்மா குடுத்தீங்க?’ அடுத்தவங்களா? என் புருஷன் எனக்கு அடுத்தவரா? அந்த எடத்துல வெச்சு நான் அதக் கேக்கல. ஆனா இன்னைக்கும் எனக்கு அது ஆறல.

ஐ.சி.யூ.வுல அஞ்சு நாளு. ரத்தம் கெட்டியாக ஊசி போடணும். ஒரேடியாப் போட்டா வால்வு அடைச்சுக்கும். போடாம விட்டா உள்ள கசிஞ்சே போயிருவாரு. கொஞ்சம் போட்டு, நம்பரப் பாத்து, மறுபடி கொஞ்சம் போட்டு… கண்ணாடிக்கு வெளிய நின்னு பாப்பேன். மஞ்சளா ஒரு பை, செவப்பா ஒரு பை தொங்கும். ஒரு தடவ உள்ள விட்டாங்க. நெஞ்சு பக்கம் குனிஞ்சேன். சுத்திலும் மிஷினு கீ கீன்னு கத்துது. எனக்கு அவரு சத்தம் கேக்கல. அப்பதான் உக்காந்து அழுதேன், அந்தத் தரையில. முருகா, உலகத்துல எவளுக்கு வேணாலும் கேக்கட்டும், அந்தச் சத்தம் இருந்தாப் போதும்னு சொல்லி அழுதேன். வாயால சொன்னேன். இப்ப அத வாபஸ் வாங்க முடியுமா?

தப்பிச்சுட்டாரு. வார்டுக்கு மாத்துன அன்னைக்கு அவ வந்தா, ஆரஞ்சுப் பழத்தோட. போட்டோ விஷயத்தச் சொல்லிருவா, சொல்லிருடின்னு ஒரு பக்கம், சொல்லாதடின்னு ஒரு பக்கம். அவ என்ன சொன்னா தெரியுமா? ‘அண்ணே, அக்காதான் தடத்தப் பாத்து, போட்டோ புடிச்சுக்கிட்டு, பயந்துபோயி எங்கிட்ட ஓடி வந்தாங்க. ஒரு நாள் விட்டிருந்தாலும் கஷ்டம். உங்களக் காப்பாத்துனது அக்காதான்.’

அவரு என்னப் பாத்தாரும்மா. அப்படி ஒரு பார்வைய நான் கல்யாணம் ஆன அன்னைக்குக்கூடப் பாக்கல.

இப்ப பஸ் ஸ்டாண்டு பூரா அதே பேச்சுதான். ‘என் பொண்டாட்டி போட்டோ புடிச்சிட்டுப் போகலன்னா நான் இன்னைக்கு இல்ல’ங்குறாரு. கண்டக்டருங்க, பூக்காரம்மா, டீக்கடை எல்லாருக்கும் சொல்லிட்டாரு. எல்லாரும் என்னப் பாத்து கையெடுத்துக் கும்புடுறாங்க. எனக்கு அது தீயா எரியுது. நான் அவள நாலு பேரு முன்னால ‘டி’ போட்டுப் பேசியிருக்கேன். அவ என் புருஷனக் காப்பாத்தி, அந்தப் பேரையும் எனக்கே குடுத்துட்டா. பிச்சை போட்ட மாதிரி. சண்டை போட்டிருந்தா நான் பதிலுக்குப் போட்டிருப்பேன். நல்லவளா இருந்து தொலைச்சா நான் என்ன செய்ய? அழகுல ஜெயிக்கலாம், சமையல்ல ஜெயிக்கலாம், இதுல எப்படி ஜெயிக்கிறது?

அதனாலதான் மதுரை. அவ முன்னால என்னால நிக்க முடியாது. ரத்த நம்பரு எழுதுற அவரு நோட்டுல அவ கையெழுத்துல, ‘புது மாத்திரை எதுவானாலும் என்னைக் கேட்கவும்’னு எழுதி போன் நம்பரும் போட்டிருந்தா. பேனாவால அழிச்சுட்டேன். அழிச்சா என்ன, நம்பரு எனக்கு மனப்பாடம். அவருக்குச் சளி புடிச்சா நான் கொல்லைப்பக்கம் போயி நின்னு அவளுக்குப் போன் போடுவேன். இருமல் மருந்து குடுக்கலாமா, இந்தத் தைலம் தேய்க்கலாமான்னு. அவ பொறுமையாச் சொல்லுவா. நேத்துக்கூடப் போட்டேன். அவருக்குத் தெரியாது. அவரு பேசக் கூடாது, நான் பேசலாம்.

இன்னொண்ணு. தெனம் காலையில சட்டை போடுறதுக்கு முன்னால ‘காட்டுங்க’ம்பேன். ரெண்டு கையையும் நீட்டுவாரு, முன்னப் பின்னத் திருப்பிக் காட்டுவாரு, கழுத்தக் காட்டுவாரு. ஒரு தடம் இருக்கான்னு பாத்துட்டுத்தான் வெளிய விடுவேன். பாதி அந்தப் பயம். மீதி என்னன்னு உங்களுக்குத் தெரியும். இன்னைக்குப் பஸ்ஸப் புடிக்கிற அவசரத்துல பாக்கல, அது வேற உறுத்திக்கிட்டே இருக்கு.

வாசல்ல நின்னு ஒரு விஷயம் சொல்லணும்னாரே, அது என்ன தெரியுமா? ‘கருப்பாப் போகுது தெய்வு, பயமா இருக்கு’ன்னு சொல்ல வந்தாராம். ஆஸ்பத்திரியில சொன்னாரு. நீ கோவமா இருந்தியா, அதான் சொல்லலன்னாரு. எதுக்குக் கோவம்னு இன்னைக்கு வரைக்கும் கேக்கல. நானும் சொல்லல. ஒவ்வொரு மாசமும் இந்தப் பஸ்ஸுல ஏறும்போது நெனப்பேன், மதுரையில எறங்குனதும் சொல்லிடணும்னு. அந்தப் போட்டோ புடிச்சது உங்களக் காப்பாத்த இல்ல, சந்தேகப்பட்டுத்தான்னு. எறங்குவோம், ஆட்டோ கெடைக்கும், ஏறிடுவேன். ஆனா ஒண்ணும்மா, சந்தேகப்படாதவளா இருந்தா போட்டோ புடிச்சிருப்பாளா? போட்டோ இல்லன்னா அவரு பொழைச்சிருப்பாரா? அதையும் யோசிச்சுப் பாக்கணுமில்ல?

திண்டுக்கல்லு வந்துருச்சு. எஞ்சின நிறுத்திட்டான், இனி பத்து நிமிஷம் நிக்கும். எல்லாரும் டீக்கு எறங்குறாங்க. அந்தப் பெரியவரும் எறங்கிட்டாரு. நீங்க எறங்கலையா? சரி, பேசாம இருங்க கொஞ்சம். நான் சீட்டு கம்பியில சாஞ்சு… ம். கேக்குது. எனக்குக் கேக்குது. உங்களுக்குக் கேக்குதா?

கேக்கலையா? நெசமாவா? அப்பச் சரி.

இருங்க. என்ன இது? தூங்குற மனுஷனுக்கு இவ்வளவு வேகமா அடிக்காதே.

ஏங்க. ஏங்க, எப்ப இருந்து முழிச்சிருக்கீங்க? ஒட்டன்சத்திரத்துல இருந்தா? அதுக்கும் முன்னாலயா? வாயத் தொறந்து சொல்லுங்களேன்.

திரும்ப மாட்டேங்குறாரு. அய்யோ, என்ன பண்றாரு பாருங்க. சட்டைக் கைய மடிச்சு விடுறாரு. கைய இப்படி சீட்டுக்கு மேல போட்டு எங்கிட்ட நீட்டுறாரு. திருப்பிக் காட்டுறாரு, உள்பக்கம், வெளிப்பக்கம்…

ஏம்மா, நீங்க கொஞ்சம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கங்க.